தீக்குச்சியில் ஒரு நீலக்கோடு

இக்கட்டுரையின் ஆய்வுப் பொருள் ஒரு தீக்குச்சி. நீளம் நான்கு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம், பருமன் இரண்டு மில்லிமீட்டர். மெழுகிலும் மருந்திலும் இன்னும் முங்காத வெறுங்குச்சி. அதன் நான்கு முகங்களில் ஒன்றில் மட்டும், கூர் மழுங்கிய பென்சிலால் இழுத்தது போல, நீலமும் சாம்பலும் கலந்த ஒரு கோடு தலைமுதல் கால்வரை ஓடுகிறது. சாத்தூரில் கட்டை அடுக்கும் வீடு ஒன்றின் திண்ணையில், கழித்துப் போட்ட குச்சிகளுக்குள் கிடந்தது. கேட்டு வாங்கி வந்தேன். ஏழு மாதமாக என் மேசைமேல் ஒரு கண்ணாடிக் குப்பிக்குள் இருக்கிறது.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு விளக்கம். கட்டை அடுக்குதல் என்பது, பள்ளம் வெட்டிய மரச்சட்டங்களில் பள்ளத்துக்கு ஒரு குச்சியாகப் பரப்பி, சட்டத்தின்மேல் சட்டமாக ஏற்றி இறுக்கும் வேலை. ஒரு குச்சி இன்னொன்றைத் தொடக் கூடாது. தொட்டால் மருந்து முக்கும்போது தலைகள் ஒட்டிக்கொள்ளும். என் அம்மா இருபது வருடம் இந்த வேலை செய்தார். குச்சிக்கும் குச்சிக்கும் நடுவே இடைவெளி விட்டே தேய்ந்த விரல்கள் அவருடையவை. நீலக்கோடு விழுந்த குச்சியைப் 'பூசணக்குச்சி' என்று சொல்லி ஒதுக்குவார். தாவரவியல் படித்த பிறகு நான் சரிபார்த்தேன். அம்மா சொன்ன சொல்லில் திருத்த ஒன்றுமில்லை.

குச்சியின் ஊர் சாத்தூர் அல்ல. 1922-இல் பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பி, அடுத்த ஆண்டு சிவகாசியில் தொடங்கியபோது, இந்த வட்டாரத்தில் வெயில் இருந்தது, வேலை தேடும் கைகள் இருந்தன, மரம் இல்லை. மானாவாரிக் கரிசலில் வேலிக்கு உடைமரம், நிழலுக்கு வேம்பும் புளியும், உயரத்துக்குப் பனை. இவை எதுவும் தீக்குச்சிக்கு ஆகாது. அதற்கு மரம் வெளுப்பாக, இலேசாக, நேரான நார் உள்ளதாக, மெழுகை உறிஞ்சுவதாக இருக்க வேண்டும். ஆகவே மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்திலிருந்து, மட்டி மரமும் அதைப் போன்ற மெல்மரங்களும் வந்தன. மட்டியின் உறவான பெருமரத்தைத் தமிழ்நாட்டு உழவர்களே நடும்படி மேட்டுப்பாளையம் வனக்கல்லூரி ஊக்குவித்து வருகிறது. தீக்குச்சி மரம் என்றே அதற்குப் பெயராகிவிட்டது. இரண்டும் அய்லாந்தஸ் பேரினம். இரண்டிலும் வெளிப்புற வெண்கட்டைக்கும் நடுவில் உள்ள வைரத்துக்கும் கண்ணுக்குத் தெரியும் பேதம் கிடையாது. இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் ஒரு வழக்கு இதைப் பற்றியே எழும்.

இனி கோடு. வெட்டிய உருளைக்கட்டை லாரியில் ஏறி, களத்தில் இறங்கி, லேத்தில் சுழன்று தகடாக உரிபடுவதற்குள் நாள்கள் கடந்துவிட்டால், வெட்டுமுகம் வழியாக ஒரு பூஞ்சை உள்ளே போகிறது. வெப்பநாட்டு மெல்மரங்களில் இதைச் செய்யும் முதன்மையான பூஞ்சையின் பெயர் லாசியோடிப்ளோடியா தியோப்ரோமே. அது மரத்தின் செல்சுவரைத் தின்பதில்லை. மரத்தண்டில் நடுவிலிருந்து பட்டையை நோக்கி ஆரக்கால் போல ஓடும் கதிர்த் திசு இருக்கிறதே, அதுதான் மரத்தின் குலுக்கை. மாவும் சர்க்கரையும் அங்கேதான் சேமித்து வைக்கப்பட்டுள்ளன. பூஞ்சை குலுக்கையைத் தேடிப் போய்க் காலி செய்கிறது, வீட்டை இடிப்பதில்லை. அதனால் நீலம் பாய்ந்த குச்சியின் வலுவில் பெரிய குறை வராது, எரிவதும் மற்றக் குச்சியைப் போலவே எரியும். விற்பவருக்குத்தான் நஷ்டம். வெள்ளைக் குச்சிக்கு நடுவில் நீலக்குச்சியைப் பார்த்தால் வாங்குகிறவர் முகம் சுளிக்கிறார்.

நீலம் என்றேனே, பூஞ்சை இழையில் நீலச்சாயம் இல்லை. இழை பழுப்பு, மெலனின் படிந்தது. மரத்துக்குள் புதைந்திருப்பதால் ஒளி சிதறி நீலமாகக் காட்டுகிறது. நம் பாட்டிகளின் கையில் கருமையைக் குத்தி, அது தோலுக்கடியில் வேறு நிறமாகத் தெரிந்ததால் பச்சை குத்துதல் என்று பெயர் வைத்தோம். அதே கணக்கு.

மையக் கேள்விக்கு வருவோம். அந்த மரம் காட்டில் நின்ற ஆண்டுகளில், அதன்மேல் இந்தப் பூஞ்சையின் வித்துகள் விழாமல் இருந்திருக்காது. கிளை ஒடிந்திருக்கும், மாடு உரசியிருக்கும், வண்டு துளைத்திருக்கும். அப்போதெல்லாம் தண்டு முழுவதும் நீலம் பாயவில்லை. வெட்டிய சில நாளில் பாய்ந்துவிட்டது. இடையில் மரம் எதை இழந்தது?

பதில் சொல்லும் திறனை இழந்தது. மரத்துக்கு ரத்தம் இல்லை, ஓடிப்போய்க் கிருமியைப் பிடிக்கும் வெள்ளணுக்கள் இல்லை. ஒவ்வொரு செல்லும் தன் சுவருக்குள் ஆயுள் கைதி. வெண்கட்டையிலும் பெரும்பகுதி உயிரற்றது. நீர் ஏற்றும் சைலக் குழாய்களும் தாங்கிப் பிடிக்கும் நார்களும் செத்த பிறகுதான் தங்கள் வேலைக்கே தகுதி பெறுகின்றன. உயிரோடு இருப்பவை கதிரிலும் குழாய்களை ஒட்டியும் கிடக்கும் பாரன்கைமா செல்கள். அவை சிறுபான்மை. மரத்தைக் காக்கும் பொறுப்பு முழுவதும் அந்தச் சிறுபான்மையிடம் இருக்கிறது.

அவை செய்வதைத் தொடக்கத்திலிருந்து பார்க்கலாம். முதலில் அடையாளம் காணுதல். பூஞ்சையின் செல்சுவரில் கைட்டின் என்ற பொருள் உண்டு. நண்டின் ஓட்டிலும் பூச்சியின் தோலிலும் இருப்பது. தாவரத்தில் அது இல்லவே இல்லை. ஆகவே கைட்டின் துணுக்கு ஒன்று செல்லின் வெளிச்சவ்வில் உள்ள ஏற்பியைத் தொட்டதும், வந்தவர் வெளியார் என்று தெரிந்துவிடுகிறது. சில நிமிடங்களில் கால்சியம் அயனிகள் செல்லுக்குள் பாய்கின்றன, ஹைட்ரஜன் பெராக்சைடு சுரக்கிறது. பூஞ்சை இழை குத்தும் இடத்துக்கு நேர் உள்ளே, கேலோஸ் என்னும் பொருளால் ஒரு மேடு எழுகிறது. வெளியே கடப்பாறை விழும் இடம் பார்த்து உள்ளிருந்து மண் அணைப்பது போல. அணை தாங்கவில்லையானால் அந்தச் செல் தன்னையே மாய்த்துக்கொள்கிறது. சுற்றியிருக்கும் செல்கள் தங்கள் சுவர்களில் லிக்னினையும் சூபரினையும் ஏற்றுகின்றன. சூபரின் என்பது தக்கையை நீர்புகாமல் ஆக்கும் மெழுகுப்பொருள். பட்டையில் காயம்பட்டால் இந்தத் தடித்த வரிசைக்கு உட்புறமாகப் புதிய தக்கைத் திசு ஒன்று பிறந்து, செத்த பகுதியை உயிருள்ள பகுதியிலிருந்து பிரித்து விடுகிறது.

மரக்கட்டைக்குள் நடப்பது இதைவிட வியப்பானது. சைலக் குழாய் என்பது பூஞ்சைக்குப் போட்டுக் கொடுத்த நெடுஞ்சாலை. தடையில்லாமல் மேலும் கீழும் போகலாம். அதை அடைக்க வேண்டும், அடைக்க வேண்டிய குழாயோ செத்தது. என்ன செய்வது? குழாயை ஒட்டியிருக்கும் உயிர்ச்செல், சுவரில் உள்ள சிறு குழி வழியாகத் தன் சவ்வைக் குழாய்க்குள் பலூனாக ஊதுகிறது. ஒன்றல்ல, பல செல்கள் பல பக்கத்திலிருந்தும் ஊதுகின்றன. பலூன்கள் ஒன்றையொன்று முட்டி, குழாயை முழுக்க அடைத்து நிற்கின்றன. டைலோஸ் என்று பாடநூலில் ஒரு வரியில் கடந்துபோகும் பொருள் இதுதான். குழியின் அகலம் எட்டுப் பத்து மைக்ரானுக்கும் குறைவாக இருக்கும் மரங்களில் பலூன் ஊத வழியில்லை. அங்கே பிசினைக் கசியவிட்டு அடைக்கின்றன. அடைத்த குழாய் இனி ஒருபோதும் நீர் ஏற்றாது. மரம் அதை அறிந்தே விட்டுக்கொடுக்கிறது என்று எழுதக் கை வருகிறது. மரம் அறியுமா என்ற விவாதத்தில் இறங்காமல், விட்டுக்கொடுக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இங்கே ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும். மரத்தின் புண் ஆறியது என்கிறோம். நம் தோலில் புண்ணானால் கெட்ட தசை நீங்கி, அதே இடத்தில் புதுத் தசை வருகிறது. மரத்தில் அப்படி நடப்பதேயில்லை. கெட்டது கெட்டபடியே, அதே இடத்தில், மரம் வாழும் நாளெல்லாம் உள்ளே கிடக்கிறது. மரம் அதைச் சுற்றிச் சுவர் எழுப்பி, சுவருக்கு வெளியே புதிதாக வளர்ந்துகொண்டு போகிறது. அமெரிக்க வனத்துறையில் பணியாற்றிய அலெக்ஸ் ஷைகோ, சங்கிலி ரம்பத்தால் ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்குவாட்டில் அறுத்துப் பார்த்து இதை உறுதிசெய்தார். ஹெரால்ட் மார்க்ஸோடு சேர்ந்து 1977-இல் அவர் வெளியிட்ட நூல் நான்கு சுவர்களைச் சொல்கிறது. மேலும் கீழும் பரவுவதைத் தடுப்பது முதற்சுவர். அடைத்த குழாய்களால் ஆனது, நான்கிலும் பலவீனமானது. உள்நோக்கிப் போவதைத் தடுப்பது வளர்ச்சி வளையத்தின் இறுகிய விளிம்பு. பக்கவாட்டில் தடுப்பவை கதிர்கள். இம்மூன்றும் காயம்படும்போது இருந்த மரத்தில் உள்ளவை. நான்காவது, பட்டைக்கடியில் புது மரத்தை வளர்க்கும் கேம்பியம் என்ற திசு காயத்துக்குப் பிறகு புதிதாகக் கட்டுவது. அன்றுவரை இருந்த மரத்தையும் அன்றிலிருந்து வரப்போகும் மரத்தையும் அது பிரிக்கிறது. இதுவே ஆக வலியது. நடு முழுக்கப் பொந்தான புளியமரம் நூறு ஆண்டு காய்ப்பது இந்தச் சுவரின் தயவால்.

சிவகாசியில் பட்டாசு ஆலை ஒன்றை வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு இந்தக் கட்டுமானம் பழகியது. ஒரே பெரிய கட்டடமாக அது இருக்காது. கரிசல் காட்டில் சின்னச் சின்ன அறைகள், ஒன்றுக்கொன்று விலகி நிற்கும். மருந்து கலக்க ஓர் அறை, மருந்து செலுத்த வேறு அறை, காயவைக்க வேறு இடம். ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. வெடித்த அறையைக் காப்பாற்ற இந்த விதிகளில் எதுவும் இல்லை. அது போனது போனதுதான். அடுத்த அறை போகக் கூடாது என்பதற்காகவே அத்தனை இடைவெளியும். மரமும் தாக்கப்பட்ட அறையைக் காப்பாற்ற முயல்வதில்லை.

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் ஒரு பட்டாசு ஆலையின் ஓர் அறையில் தொடங்கிய வெடிப்பு அந்த அறையோடு நிற்கவில்லை. முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உதவ ஓடிப்போனவர்களும் அவர்களில் உண்டு. அன்று மாலை விருதுநகர் மருத்துவமனை வாசலில் நின்ற கூட்டத்தில் நானும் இருந்தேன். செல் எப்படிச் சுவர் கட்டுகிறது என்று வகுப்பில் சொல்லும்போதெல்லாம் அந்த வாசல் எனக்கு நினைவு வருகிறது. அறைக்கு நான்கு பேர் என்ற எண்ணைப் புத்தகத்து எண்ணாக இந்த ஊரில் யாரும் படிக்க முடியாது.

பழைய உரையாசிரியர்கள் தடையை எழுப்பி விடை சொல்வார்கள். அந்த முறையில் இரண்டு தடைகளை இங்கே தீர்க்க வேண்டும்.

முதல் தடை: சுவர் என்கிறீர், அது பூஞ்சையைத் தடுக்கவா எழுந்தது? 1983-இல் பிரிட்டனின் லின் பாடியும் ஆலன் ரேனரும் வேறு விதமாக வாதிட்டார்கள். உயிருள்ள வெண்கட்டை நீரால் நிறைந்தது. அங்கே பூஞ்சைக்கு மூச்சுவிடக் காற்று போதாது. காயம்பட்டதும் உள்ளே காற்று புகுகிறது, கட்டை உலர்கிறது, அதன்பிறகே பூஞ்சை வளர முடிகிறது. ஆகவே மரம் அடைப்பது காற்றை. பூஞ்சை தடுபடுவது அதன் விளைவு. விடை: இந்த வாதம் வலுவானது, என் குச்சியும் அதற்குச் சாட்சி. கட்டைக் களத்தில் உருளைகளை ஈரம் காயாமல் தண்ணீர் தெளித்து வைத்தால் நீலம் பாய்வது குறைகிறது. ஆயினும் பிசினில் உள்ள பூஞ்சைக்கொல்லிப் பொருள்களைக் காற்றுக்காகச் சேர்த்தவை என்று சொல்ல முடியாது. வீட்டுக்கதவு திருடனுக்கா, காற்றுக்கா, நாய்க்கா என்று பிரித்துக் கேட்டால் கட்டியவர் என்ன சொல்வார்? மூன்றுக்கும் அதே கதவுதான்.

இரண்டாம் தடை நம் இலக்கணத்திலிருந்து வருகிறது. தொல்காப்பியம் மரபியலில், வெளியே வயிரம் உள்ளதைப் புல் என்றும் உள்ளே வயிரம் உள்ளதை மரம் என்றும் வகுக்கிறது. புறக்காழ், அகக்காழ். அதன்படி பனையும் தென்னையும் புல். தீக்குச்சி மரத்திலோ காழ் தனியே தெரிவதில்லை என்று முன்னே சொன்னோம். அப்படியானால் அது எதில் சேரும்?

இந்தத் தடையை நான் பல ஆண்டுகள் சுமந்திருக்கிறேன், ஏனென்றால் பூஞ்சையின் கண்ணால் பார்க்கும்போது தொல்காப்பியத்தின் கோடு மிகச் சரியான இடத்தில் விழுகிறது. பனைக்கும் தென்னைக்கும் கேம்பியம் கிடையாது. தண்டு ஒருமுறை உருவானதோடு சரி, பக்கவாட்டில் புது வளையம் சேர்வதில்லை. ஆகவே நான்காம் சுவர் எழுப்ப அவற்றுக்கு வழியே இல்லை. இருக்கும் செல்கள் சுவரைத் தடிப்பாக்கும், அவ்வளவே. தென்னையில் ஏறுவதற்காக வெட்டிய படி எத்தனை வருடமானாலும் மூடாமல் அப்படியே இருக்கும். 1952-இல் தஞ்சைப் பகுதியில் கண்டறிந்ததால் தஞ்சாவூர் வாடல் என்று பெயர் பெற்ற அடித்தண்டழுகல் நோய், கானோடெர்மா என்ற பூஞ்சையால் வருவது. அது வந்த தென்னையில் அடித்தண்டிலிருந்து செம்பழுப்புச் சாறு வடிகிறது. உள்ளே போனதைச் சுற்றி அணை கட்ட அங்கே ஆள் இல்லை. ராஜபாளையம் தோப்புகளில் இதைப் பார்த்த உழவர்கள், மாமரம் தாங்குகிறது தென்னை தாங்குவதில்லை என்பார்கள். புல்லுக்கும் மரத்துக்கும் உள்ள வேறுபாட்டை அவர்கள் தொல்காப்பியம் படிக்காமலே சொல்லிவிட்டார்கள்.

ஆகவே விடை: தீக்குச்சி மரம் மரமே. நடுவில் காழ் தனியே தெரியாவிட்டாலும், காயம் பட்ட இடத்தில் அது தன் காழைக் கட்டிக்கொள்கிறது. மட்டி மரத்தின் பட்டையைக் கீறினால் வடிவது மட்டிப்பால். புண்ணை மூடும் சரக்கு அது. ஊதுபத்திக்காரர்கள் அதை வாங்கிப் போகிறார்கள். ஊதுபத்தியும் அதைப் பற்றவைக்கும் குச்சியும் ஒரே மரத்திலிருந்து வருவதை எண்ணிப் பார்க்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு நிறைவு உண்டாகிறது. அகிலும் இந்த வகைதான். நோயில்லாத அகில் மரம் வெளுப்பாக, மணமில்லாமல் இருக்கும். காயத்தின் வழியே பூஞ்சை புகுந்த இடத்தில் மட்டும் கருத்த பிசின் ஊறுகிறது. சங்க காலத்துப் பெண்கள் கூந்தலுக்கு ஊட்டிய புகை, ஏதோ ஒரு மலையில் ஒரு மரம் தன் நோயோடு நடத்திய போரின் மிச்சம்.

என் குச்சியின் பூஞ்சைக்கு வருகிறேன். லாசியோடிப்ளோடியா கட்டைக் களத்தோடு நிற்பதில்லை. மாம்பழத்தின் காம்படியில் கருவளையமாகத் தொடங்கி அழுகவைப்பதும் அதுதான். மாமரத்தில் நுனிக்கிளைகள் காய்ந்து, தண்டில் பிசின் வடியவைப்பதும் அதுதான். ராஜபாளையத்துச் சப்பட்டையும் பஞ்சவர்ணமும் விளையும் தோப்புகளில், பிசின் வடியும் கிளையைக் கண்டதும் அரிவாளை எடுத்துத் தண்டோடு ஒட்ட வெட்டிவிடுவார்கள். நல்லெண்ணத்தில் செய்யும் பிழை இது. கிளை தண்டைச் சேரும் இடத்தில் சற்றுப் புடைத்த ஒரு கழுத்து இருக்கிறது. மரம் தன் தடுப்பை அந்தக் கழுத்துக்குள்தான் அமைக்கிறது. ஒட்ட வெட்டினால் தடுப்பும் கிளையோடு போய்விடுகிறது. கழுத்தை விட்டு, அதற்கு வெளியே வெட்ட வேண்டும். ஒரு முழம் விட்டு மொட்டையாக வெட்டுவதும் கூடாது, அந்தக் கட்டை பூஞ்சைக்குப் படிக்கட்டாகிவிடும். வெட்டிய முகத்தில் தார் பூசுவதால் அழுகல் நிற்பதில்லை. பொந்தைச் சுரண்டி சிமெண்ட் நிரப்புவது எல்லாவற்றிலும் மோசம். சுரண்டும் கையே மரம் கட்டிய சுவரை உடைத்துவிடுகிறது. சாலையோர வேம்பிலும் புளியிலும் விளம்பரப் பலகைக்காக அடிக்கும் ஆணியும் இதே கணக்கில் சேரும். ஆணிக்கு ஒரு வாசல், வாசலுக்கு ஒரு சுவர். உயிர்ச்செல்கள் ஒவ்வொன்றுக்கும் சேமிப்பிலிருந்து மாவைச் செலவழித்தாக வேண்டும். குலுக்கை காலியாகும் கோடையில் ஒரு வேம்பு எத்தனை சுவர்தான் கட்டும்?

எங்கள் தெருமுனை வேம்பில் 2016 மழைக்காலத்தில் ஒரு கிளையை, மின்கம்பியில் உரசுகிறதென்று, ஒட்ட வெட்டினார்கள். அடுத்த தைப்பொங்கலன்று விரலை வைத்து அளந்தேன். புண்ணின் அகலம் ஒன்பது விரற்கடை. அன்றிலிருந்து ஒவ்வொரு பொங்கலுக்கும், பானை பொங்கியதும், போய் அளந்து அம்மாவின் பழைய பற்றுவரவு நோட்டில் எழுதி வைக்கிறேன். விளிம்பில் கேம்பியம் உருட்டிக் கட்டும் உதடு ஒவ்வொரு பக்கமிருந்தும் ஆண்டுக்கு அரைவிரல், சில ஆண்டு அதுவும் இல்லை. 2019-இல் புண்ணின் நடுவே ஒரு காளான் முளைத்தது. அந்தப் பக்கத்தில் தேதி மட்டும் எழுதிவிட்டு வந்தேன். மறு ஆண்டு காளான் இல்லை. உள்ளே என்ன நடந்தது என்பதை அறுத்துப் பார்த்தால்தான் தெரியும், அறுக்க எனக்கு மனமில்லை. இந்தப் பொங்கலன்று அளந்தேன். இன்னும் இரண்டு விரற்கடை பாக்கி இருக்கிறது.